மீன்பெட்டிச் சைக்கிளுக்கு மோட்டோர்: மூன்று வழிகளில் எது கட்டுபடியாகும்?

மட்டக்களப்பு தட்டை நிலம். இங்கே மோட்டோரைச் சோதிப்பவை கச்சான் காற்றும் கடற்கரை மணலும் உப்பும் மாரி வெள்ளமும்தான். மலை ஏறும் வலுவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மிக மலிவான வழி, இருக்கிற பெரிய சைக்கிளின் முன் சில்லில் ஹப் மோட்டோர் (சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டோர்) கிட் பூட்டுவது. 50 கிலோ வரை ஏற்றுபவருக்கு எங்கள் தெரிவும் இதுவே. 48 வோல்ற், 350 வாட் கியர் ஹப் போதும். பின் சில்லில் ஏன் வேண்டாமென்றால், பின் ஹப் பொதுவாக 135 மி.மீ. அகலம் கேட்கும். பழைய சட்டத்தின் பின்பக்கம் அதைவிட ஒடுக்கம். விரித்துப் பூட்டினால் செயின் நேரில் நிற்காது.

கிட்டின் ஹப்பில் பெரும்பாலும் 36 கம்பித் துளைகள் இருக்கும். நம் பெரிய சைக்கிள்கள் பலவற்றில் முன் றிம் 32, பின் றிம் 40. அதனால் பழைய றிம்மில் கோர்க்கலாம் என்று ஹப்பை மட்டும் வாங்காதீர்கள். றிம்மோடு வருவதை, ரயர் அளவு பார்த்து வாங்குங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் தடுப்புத் தகடு இரு பக்கமும் கட்டாயம். அது இல்லாவிட்டால் மோட்டோர் உதைக்கும்போது அச்சு திரும்பி வயரை முறுக்கி அறுக்கும், சில்லே கழன்றும் போகலாம். அலுமினியப் போர்க்கில் முன் மோட்டோர் பூட்டவே கூடாது, இரும்பு மட்டும்.

குறையும் உண்டு. சுமை முழுக்கப் பின் கரியரில் இருப்பதால் முன் சில்லு மணலில் வெறுமனே சுழலும். கரையில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். கம்பி பிறேக் மழையில் பிடிக்காது. மோட்டோர் பூட்டுவதற்கு முதலே பின் சில்லுக்கு ட்ரம் பிறேக் போடுங்கள்.

இரண்டாவது, பின்பக்கம் நீண்ட ஆயத்த சரக்குச் சைக்கிள். சுமை தாழ்வாக உட்காரும், டிஸ்க் பிறேக் நன்றாகப் பிடிக்கும், இரட்டைக்கால் ஸ்ராண்டில் ரெஜிபோம் பெட்டி சரியாது. ஓட்டத்தில் இதுவே சிறந்தது. ஆனால் பற்றரியும் திரையும் மோட்டோரைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரும் ஒரே கம்பனிக்குரியவையாக இருந்தால், ஒன்று பழுதானால் முழுச் சைக்கிளும் நிற்கும். உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்குமா என்று உறுதிப்படுத்தாமல் வாங்க வேண்டாம்.

80 கிலோவுக்கு மேலென்றால் முச்சில்லு. மோட்டோர் ஒரு பின் சில்லை மட்டும் சுழற்றும் வகை மணலில் ஒருபக்கம் இழுக்கும். இரு பின் சில்லுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் டிபரென்ஷல் உள்ளதைத் தேடுங்கள். வேகமாகத் திருப்பினால் உள்சில்லு கிளம்பும். காத்தான்குடியின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்கு இது தோதில்லை.

எந்த வழியானாலும் காசைப் பற்றரியில் போடுங்கள். நாலு 12 வோல்ற் 12 அம்பியர்-மணி ஈயப் பற்றரிகள் 16 கிலோ அளவில் வரும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஒரு வருடத்திலேயே தளர்ந்துவிடும். 48 வோல்ற் 15 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற்றில் 720 வாட்-மணி உண்டு. அதில் 80 வீதத்தைப் பாவித்தால் 576. சுமையோடு மணிக்கு 20 கிலோமீற்றரில் ஒரு கிலோமீற்றருக்கு 16 வாட்-மணி என்று வைத்தால் 36 கிலோமீற்றர்; கச்சான் எதிர்த்தால் அது 22 வாட்-மணி ஆகி, 26 கிலோமீற்றர்தான் ஓடும். நகரிலிருந்து கல்முனைக்கு ஒருவழியே 40 கிலோமீற்றர் அளவு, ஆகவே அந்தப் பயணத்துக்கு இரண்டாவது பற்றரி வேண்டும்.

சாஜரை மாற்றிப் போடாதீர்கள். 16 செல் பொஸ்பேற்றுக்கு 58.4 வோல்ற், 13 செல் சாதாரண லிதியத்துக்கு 54.6. இரண்டின் மேலும் 48 என்றே எழுதியிருக்கும். 58.4 சாஜரை 54.6 பற்றரியில் குத்தினால் தீப்பிடிக்கலாம்.

உப்புக்கு, ஒவ்வொரு பிளக்கிலும் கிறீஸ் பூசுங்கள். அச்சுக்குள் நுழையும் வயர் முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறட்டும். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். அச்சு மூழ்கும் வெள்ளத்தில் ஓட்ட நேர்ந்தால், மோட்டோரின் மூடியைக் கழற்றி உலர்த்திய பிறகே மறுபடி மின்சாரம் கொடுங்கள்.