பேஸ்போர்டு வடிவமைப்பு: சிஎம்4-ஆ, ஸ்மார்க்கா, ஜெட்சனா, ஓஎஸ்எம்மா?

சொந்தமாக ஒரு பேஸ்போர்டு (ப்ராசசரும் ரேமும் அடங்கிய சின்ன மாட்யூலைத் தாங்கி, அதற்கு மின்சாரமும் ஜாக்குகளும் தரும் பலகை) செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது ப்ராசசரைத்தான். எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம், என்ன விலை. நான் முதலில் பார்க்கச் சொல்வது கனெக்டரை. ப்ராசசர் மாட்யூலோடு வரும், மாட்யூலோடு போகும். கனெக்டரோ நம் போர்டிலேயே சால்டர் ஆகி உட்கார்ந்துவிடும். அதன் பின் வரிசை மாறினால் ஸ்கிமாட்டிக்கிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கோணத்திலிருந்தே இந்த நான்கு வழிகளையும் பார்க்கிறேன்.

முதலில் ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல். 2014-ல் வந்த முதல் மாட்யூல் சோடிம் (லேப்டாப் ரேம் போன்ற) வடிவில் இருந்தது. 2020 அக்டோபரில் கம்ப்யூட் மாட்யூல் 4, அதாவது சிஎம்4 வந்தபோது அந்த வடிவத்தை விட்டுவிட்டு, 55க்கு 40 மி.மீ. பலகையின் அடியில் தலா 100 பின் கொண்ட ஹிரோசே டிஎஃப்40 கனெக்டர் இரண்டை வைத்தார்கள். பின்களுக்கு இடையே 0.4 மி.மீ. மட்டுமே. இரண்டு கனெக்டர்களுக்கும் நடுவில் உள்ள தூரம் கொஞ்சம் பிசகினாலும் மாட்யூல் சரியாக அமராது. ஆகவே அந்த ஃபுட்பிரிண்ட்டை (சால்டர் பேடுகளின் வரைபடத்தை) நீங்களே வரையாதீர்கள். ராஸ்பெரி பையே செய்த அதிகாரப்பூர்வ பேஸ்போர்டான ஐஓ போர்டின் கோப்புகள், போர்டு வரையும் மென்பொருளான கீகேட் வடிவிலேயே கிடைக்கின்றன, அதிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டரில் 1.5, 3 மி.மீ. என இரண்டு உயரம் உண்டு. 1.5 எடுத்தால் மாட்யூலுக்கு அடியில் எந்தப் பாகமும் வைக்க முடியாது. இடம் குறைவான பெட்டி என்றால் இதை லேஅவுட் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் பேஸ்போர்டு செய்பவருக்கு இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியவில்லை. 5 வோல்ட் ஒன்று கொடுத்தால் போதும், மற்ற வோல்டேஜ்களை மாட்யூலே உண்டாக்கிக்கொள்ளும். கேபிளின் சிக்னலைக் கையாளும் கிகாபிட் ஈதர்நெட் பிஎச்ஒய் சிப் மாட்யூலிலேயே இருப்பதால் நம் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளடங்கிய ஆர்ஜே45 ஜாக் மட்டும் வேண்டும். ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்கள்) 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்பதை ஒரு பின் மூலம் நாமே தேர்ந்தெடுக்கலாம். மென்பொருள் பக்கமும் கான்ஃபிக் கோப்பில் எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஓவர்லே சில வரி எழுதினால் பல சமயம் வேலை முடிந்துவிடும்.

பலவீனம் எங்கே என்றால், இந்த 200 பின் வரிசை எந்தச் சங்கமும் கூடி வகுத்த தரநிலை அல்ல. ஒரே கம்பெனியின் முடிவு. 2021, 2022-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது சிஎம்4 சந்தையில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பேஸ்போர்டு கையில் தயாராக இருக்கும், மேலே மாட்ட மாட்யூல் இருக்காது. அந்த இடைவெளியில்தான் ராட்சா சிஎம்3, பைன்64-இன் சோக்வார்ட்ஸ், பனானா பை சிஎம்4 போன்றவை அதே கனெக்டரோடு வந்தன. பொருந்தும், ஆனால் எல்லாப் பின்களும் ஒன்றல்ல. 2024 நவம்பரில் வந்த சிஎம்5-இலும் இதே கதைதான். சிஎம்4-இல் இரண்டு லேன் (டேட்டா ஜோடி) கேமராவும் டிஸ்ப்ளேவும் இருந்த பின்களில் இப்போது யுஎஸ்பி 3 இருக்கிறது. அந்தப் பின்களில் கேமரா இணைத்திருந்த போர்டில் சிஎம்5-ஐ மாட்டினால் கேமரா வராது. புதிதாக வரைகிறவர்கள் அந்தப் பின்களைத் தொடாமல் விட்டால் ஒரே போர்டில் இரண்டு தலைமுறையும் ஓடும்.

இங்கே மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எந்த மாட்யூல் எடுத்தாலும் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். போர்டில் 3.3 வோல்ட்டில் ஓடும் ஒரு யுஎஸ்பி-சீரியல் சிப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு லேப்டாப்பிலிருந்து மின்சாரம் வருகிறது, மாட்யூல் இன்னும் அணைந்தே இருக்கிறது. சீரியல் லைன் சும்மா இருக்கும்போதும் 3.3 வோல்ட்டில்தான் நிற்கும். அந்த வோல்டேஜ் மாட்யூலின் ஆர்எக்ஸ் (டேட்டா வாங்கும்) பின் வழியாகப் புகுந்து, உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடைக் கடந்து, அணைந்திருக்க வேண்டிய சப்ளையை அரைகுறையாக ஏற்றிவிடும். அப்புறம் சுவிட்சைப் போட்டால் ரீசெட் ஒழுங்காக நடக்காது. சில நேரம் பூட் ஆகும், சில நேரம் ஆகாது. கோளாறு மென்பொருளில்தான் என்று நினைத்து நாள் கணக்கில் தேடுவார்கள். சோதிப்பது சுலபம்: மெயின் சப்ளையைக் கழற்றிவிட்டு, சீரியல் கேபிளை மட்டும் செருகி, மாட்யூலின் 3.3 வோல்ட் லைனில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கசிவு இருக்கிறது.

சிஎம்4-இல் இதற்கு மருந்து, மாட்யூல் வெளியே தரும் 3.3 வோல்ட்டை வைத்து நம் போர்டின் ரெகுலேட்டர்களை எனேபிள் செய்வது. கேபிள் வழியாகத் தனியே மின்சாரம் பெறும் சிப்புக்கு, அந்த 3.3 வோல்ட் இல்லாதபோது லைனைத் துண்டிக்கும் பஃபர் ஒன்று நடுவில் வேண்டும். பல கம்பெனிகள் பின்பற்றும் மாட்யூல் தரநிலையான ஸ்மார்க்கில் இதைத் தரநிலையே யோசித்து வைத்திருக்கிறது. கேரியர் பவர் ஆன் என்று தனி சிக்னலே உண்டு. மாட்யூல் அதை உயர்த்திய பிறகுதான் பேஸ்போர்டின் சப்ளைகள் எழ வேண்டும். ஸ்மார்க் மீது எனக்குள்ள மரியாதைக்கு இந்த ஒரு பின் பெரிய காரணம்.

ஸ்மார்க்கை நிர்வகிப்பது எஸ்ஜெட் என்ற ஜெர்மனியைச் சேர்ந்த தரநிலைக் குழு. 82க்கு 50 மி.மீ. அளவில் ஒன்று, 82க்கு 80 அளவில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே 314 பின் எம்எக்ஸ்எம் வகைக் கனெக்டர். என்எக்ஸ்பி சிப் வைத்த மாட்யூலும் இன்டெல் சிப் வைத்த மாட்யூலும் இதே சாக்கெட்டில் உட்காரும். காங்கடெக், கான்ட்ரான், அட்வான்டெக் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. பத்து வருடம் ஓட வேண்டிய மருத்துவக் கருவி, தொழிற்சாலைக் கருவி என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரு கம்பெனி கைவிட்டாலும் இன்னொன்று இருக்கும்.

ஆனால் ஸ்மார்க் உறுதி தருவது சிக்னலின் இடத்துக்கு மட்டும்தான். வேகமான டேட்டா இணைப்பான பிசிஐஇ-க்கு நான்கு லேன்கள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு மாட்யூலில் நான்கும் இருக்கும், இன்னொன்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆகவே மாற்றாக நினைக்கும் இரண்டாவது மாட்யூலின் டேட்டாஷீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் இருப்பதை மட்டும் பயன்படுத்துவது நல்லது. இன்னொரு செலவும் உண்டு. ஸ்மார்க்கின் ஐஓ 1.8 வோல்ட். 3.3 வோல்ட் சென்சார் ஒவ்வொன்றுக்கும் லெவல் ஷிஃப்டர் (வோல்டேஜை மாற்றித் தரும் சிப்) வேண்டும். கேட்க சின்ன விஷயம், ஆனால் பத்துப் பன்னிரண்டு லைன் என்றாகும்போது போர்டில் நல்ல இடத்தை விழுங்கிவிடும்.

260 பின் சோடிம் குடும்பத்தில் இரண்டு பேர். டோராடெக்ஸின் வெர்டின் ஒன்று, என்விடியாவின் ஜெட்சன் நானோ, ஓரின் நானோ, ஓரின் என்எக்ஸ் மற்றொன்று. சாக்கெட் ஒரே வகை, பின் வரிசை முற்றிலும் வேறு, ஒன்றின் போர்டில் மற்றதைச் செருகவே கூடாது. வெர்டினில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பின்னையும் எல்லா மாட்யூலிலும் கட்டாயம் இருப்பது, இருக்கலாம் என்று ஒதுக்கியது, அந்த மாட்யூலுக்கே உரியது என்று வெளிப்படையாகப் பிரித்திருப்பது. ஸ்மார்க்கில் நாமே உட்கார்ந்து ஒப்பிட வேண்டிய வேலையை அவர்களே செய்து தந்துவிடுகிறார்கள். குறை, அது ஒரே கம்பெனி.

ஜெட்சனை கேமரா, ஏஐ வேலைக்காகத்தான் எடுப்பார்கள், அதற்கு நிகர் இந்தப் பட்டியலில் வேறில்லை. ஆனால் ஹார்டுவேர் முடிந்ததும் இன்னொரு வேலை காத்திருக்கும். பின் ஒதுக்கீட்டை என்விடியா தரும் ஸ்ப்ரெட்ஷீட்டில் நிரப்பி, அதிலிருந்து கோப்புகளை உருவாக்கி, பூட்லோடரோடு சேர்த்து ஃப்ளாஷ் செய்ய வேண்டும். ஓரினில், டெவலப்பர் கிட்டின் போர்டில் இருக்கும் அடையாள ஈஈப்ராம் (போர்டின் விவரத்தை வைத்திருக்கும் சின்ன மெமரி சிப்) நம் போர்டில் இல்லையென்றால், அதைப் படிக்கும் அளவைப் பூட் கோப்பில் பூஜ்யமாக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பூட் பாதியில் நின்றுவிடும். மென்பொருள் ஆள் ஒருவர் உடன் இல்லாத குழு ஜெட்சனில் இறங்கும் முன் நன்றாக யோசிக்கட்டும்.

ஓஎஸ்எம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் எஸ்ஜெட்டுடைய மாட்யூல் தரநிலைதான். கனெக்டரே கிடையாது, மாட்யூலின் அடியில் உள்ள பேடுகள் நேராகப் பேஸ்போர்டில் ரீஃப்ளோ ஆகும், அதாவது அடுப்பில் சூடாக்கிச் சால்டர் செய்யப்படும். எஸ் அளவு 30க்கு 30 மி.மீ., அதற்குள் 332 தொடர்புப் புள்ளிகள். அதிர்வு மிகுந்த வண்டிகளுக்கும், ஆயிரக்கணக்கில் செய்யும் சின்னக் கருவிகளுக்கும் ஏற்றது. முன்மாதிரிக்கு வேண்டவே வேண்டாம். மாட்யூல் பழுதானால் கழற்றி மாட்ட முடியாது, அடியில் உள்ள சால்டரைப் பார்க்கவும் எக்ஸ்ரே வேண்டும்.

ஐம்பது, நூறு போர்டு அளவில் கேட்வேயோ டிஸ்ப்ளே கன்ட்ரோலரோ செய்கிற சிறு குழு என்றால் என் தேர்வு சிஎம்4, சிஎம்5 இரண்டுக்கும் பொதுவான பின்களில் மட்டும் வரைந்த நான்கு லேயர் போர்டு. யுஎஸ்பிக்கு 90 ஓம், ஈதர்நெட்டுக்கு 100 ஓம் இம்பீடன்ஸ் வரும்படியான டிரேஸ் (செம்புக் கோடு) அகலங்களை, போர்டு செய்பவரிடம் லேயர் அடுக்கின் விவரத்தை வாங்கிய பிறகே கணக்கிடுங்கள். அந்த விவரம் வரும்வரை ரூட்டிங்கைத் தொடாமல் பவர் பகுதியை முடித்துக்கொண்டிருக்கலாம்.