மானாமதுரைச் சட்டியும் கொடியடுப்பும்: ஆறு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிப் பிரிமணையில் வைத்தேன். வைத்த பிறகும் அது அடங்கவில்லை. சட்டியின் விளிம்பைச் சுற்றித் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. நடுவில் நல்லெண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நின்றது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு பரிமாறி முடிக்கும்வரை அந்தக் கொதிப்பு ஓயவில்லை. மண்சட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் முதலில் வாங்கிய சட்டி இதுவல்ல. போன வருடம் இணையத்தில் படம் பார்த்து, கறுப்பாகப் பளபளத்த ஒரு சட்டியை 899 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். புதுச் சட்டியைப் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றியபோதே ஏதோ சாயம் கலங்கி வந்தது. மூன்றாம் முறை புளிக்குழம்பு வைத்த அன்று அடியில் கீறல் விட்டு, குழம்பு முழுவதும் அடுப்பில் இறங்கிவிட்டது. விற்றவர்களிடம் முறையிட்டேன், உடைந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பணம் போனதைவிட, மண்சட்டியே இப்படித்தான் என்று என் மகள் முடிவுகட்டியதுதான் எனக்கு உறுத்தியது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரே சட்டி பதினைந்து வருடம் உழைத்தது.

ஆகவே ஆவணியில் ஒருநாள் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் செல்லும் ரயிலில் ஏறி மானாமதுரையில் இறங்கினேன். ஒரு மணி நேரப் பயணம். வைகைக் கரையில் இருக்கும் இந்த ஊர் கச்சேரியில் வாசிக்கும் கடத்துக்குப் பேர்போனது; இங்கே செய்யும் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கடத்தைச் சுருதி பார்த்து உருவாக்கும் கைகள் சட்டியையும் காதால் சோதிப்பதில் வியப்பில்லை. நான் போன வீட்டில் பெரியவர் ஒருவர் இரண்டு சட்டிகளை அருகருகே வைத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ஒன்று மணி போல் ஒலித்தது. மற்றது அமுங்கிய குரலில் ‘டப்’ என்றது. “முதல் சட்டி வெந்தது அம்மா, இது சரியாக வேகவில்லை. இதை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்” என்று தள்ளி வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னொரு சட்டியும் சேர்த்து வாங்கினேன்.

மூன்று லிட்டர் மீன் சட்டி 280 ரூபாய், உள்ளே வரிவரியாகக் கீறிய கீரைச் சட்டி 150, கொடியடுப்பு 600. எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றும் உடையாமல் வீடு வந்து சேர்ந்தது.

பழக்குவதில் அவசரம் கூடாது. ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் மூழ்கவிட்டேன். பிறகு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிட்டேன். நாலாம் நாள் வடித்த கஞ்சி. அதன்பின் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்தேன். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் விடக்கூடாது, ஈரத் தரையில் வைக்கக்கூடாது, சோப்புப் போடக்கூடாது. தேங்காய் நாரும் அரப்புப் பொடியும் போதும்.

கொடியடுப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விறகு எரிவது ஒரு வாயில்தான். பக்கத்தில் இன்னொரு வாய் ஒட்டியிருக்கும்; அதுதான் கொடி. பெரிய வாயில் எரியும் அனல் உள்வழியாக அதற்கும் போகும். அங்கே தனியாக விறகு வைக்க வேண்டியதில்லை. பெரிய வாயில் சோறு கொதிக்கும்போது கொடியில் ரசம் சூடேறும், பால் மெல்லக் காயும். கொல்லையில் முருங்கைக்கும் துவைகல்லுக்கும் நடுவில் செங்கல் அடுக்கி இதை வைத்து, களிமண்ணும் உமியும் பிசைந்து சுற்றிலும் பூசினேன். பூச்சு காய்வதற்கு முன் மூட்டினால் வெடிக்கும் என்று அத்தை எச்சரித்ததால் பத்து நாள் தொடவே இல்லை. பற்றவைக்கத் தென்னை மட்டை, நின்று எரியச் சீமைக்கருவேல விறகு, திடீரென்று அனல் கூட்ட வேண்டுமானால் இரண்டு கொட்டாங்கச்சி.

இனி அயிரை. விரல் நீளம்கூட இராத மீன். மதுரைக்காரர்களுக்கு இதன்மேல் உள்ள ஆசை விலை ஏற ஏறக் குறையவில்லை. அரைக் கிலோ உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் விட்டால் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல்லுப்புப் போட்டு, சொரசொரப்பான பழைய மண்சட்டியில் உரசி வழுவழுப்புப் போகக் கழுவ வேண்டும். உடைந்த அந்தக் கறுப்புச் சட்டியின் அடிப்பாகம் வழுவழுப்பாக இருந்ததால் இதற்குக்கூட உதவவில்லை.

நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, இருநூறு கிராம் சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி சேர்த்து, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றினேன். பச்சை வாசனை போனதும் அரைத்த தேங்காயும் நாலு துண்டு மாங்காயும். குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, அதன் பிறகே மீனைப் போட்டேன். கரண்டி படக்கூடாது. துணியால் விளிம்பைப் பிடித்துச் சட்டியை ஒரு சுற்று அசைத்தேன், அவ்வளவுதான். அந்தத் தணலும் சட்டியில் தங்கிய சூடும் மீனை வேகவைத்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் இதே குழம்பை வைக்கும்போது, அடுப்பை அணைத்த உடனே கொதி அடங்கிவிடுகிறது. மீன் வேகவில்லையோ என்று பயந்து இன்னும் இரண்டு நிமிடம் எரித்தால் அயிரை கரைந்து முள்ளாக நிற்கிறது. பல வருடம் எனக்கு நடந்தது இதுதான். இந்தச் சட்டியில் ஆறு முறை வைத்தேன், ஒரு மீன்கூட உடையவில்லை.

கீரைச் சட்டியும் நன்று. வரிகளில் கீரை பிடித்துக்கொள்வதால் மத்தால் நாலு முறை கடைந்தாலே மசிகிறது. ஆனால் பருப்பு வேகவைக்க மண்சட்டி வேண்டாம். ஒன்றேகால் மணி நேரம் விறகு தள்ளினேன். குக்கரில் வெந்த பருப்புக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மீன் சட்டியில் மீனைத் தவிர வேறு எதுவும் சமைக்காதீர்கள். சட்டியின் மண் மீன் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. எவ்வளவு தேய்த்தும் அதில் வைத்த வத்தக்குழம்பில் மீன் மணத்தது.

குறைகளும் உண்டு. அடிப்பாகம் உருண்டையாக இருப்பதால் கேஸ் அடுப்பில் சட்டி ஆடுகிறது. வீட்டுக்குள் சமைப்பவர்கள் தட்டையான அடி கேட்டு வாங்க வேண்டும். மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஒரு பக்கம் நெல்மணி அளவு இடைவெளி. ஐப்பசி மழையில் விறகு நனைந்து, புகையில் கண் எரிந்து, இரண்டு வாரம் அடுப்பை மூட்டவே முடியவில்லை. அடுப்பின் பூச்சில் விரிசலும் விட்டது. மறுபடி மண் பூசினேன். மழைக்காலத்துக்கு மேலே ஒரு தகரம் அவசியம்.

இப்போது ஞாயிறு பதினோரு மணிக்குப் புகை எழுந்தால் பக்கத்து வீட்டு மதினி பாத்திரத்தோடு வந்துவிடுகிறார். அவர் கொண்டுவருவது கருவாட்டுத் தொக்காகவோ வாழைப்பூ வடையாகவோ இருக்கும். எதிர்வீட்டுத் தம்பி சோறு வடித்த பிறகு சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துவிட்டுப் போகிறான். மாலையில் தோண்டி எடுத்தால் தோல் கருகி உள்ளே வெல்லமாக இருக்கிறது. கடைசியாக வந்தபோது மதினி சட்டியைத் தட்டிப் பார்த்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். பங்குனி பிறந்ததும் இருவரும் சேர்ந்து மானாமதுரைக்குப் போகிறோம். எனக்குப் பொருந்துகிற மூடி ஒன்று வாங்க வேண்டும்.