கிளிநொச்சி வெயிலில் 28 பாகையா? ஹெச்டபிள்யூ இன்ஃபோ பற்றி

வன்னியில் சித்திரை மத்தியானம் அறைக்குள்ளேயே 33, 34 பாகை. அந்த நேரம் வெறும் விசிறி பூட்டிய புரொசசர் 28 காட்டினால் அது பிழை; விசிறியால் அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. அதைப் பிடிக்க, கணினி உணரிகளின் அளவுகளை வரிவரியாகக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) அருமையான மென்பொருள். வீட்டுப் பாவனைக்கு இலவசம், பென் டிரைவிலிருந்தே ஓடும்.

அதன் பட்டியலில் மதர்போர்ட்டின் கீழ் வரும் 'சிபியு' வரியை நம்பாதீர்கள். இன்டெல் புரொசசர் என்றால் 'கோர்' வரிகளை, ஏஎம்டி என்றால் சிப்பின் உண்மை வெப்பமான 'டிடை' (Tdie) வரியைப் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் 'டிசிடிஎல்' (Tctl) என்ற வரி உண்மையைவிட 20 பாகை கூட. விசிறிக் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டியே கூட்டி வைத்தது. 127 பாகையில் அசையாமல் நிற்கும் வரி பெரும்பாலும் உணரி இணைக்காத இடம். பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) சற்றுக் கூடக் காட்டுவது பிழையல்ல, அங்கே மின்சேமிப்பு முழுதாக இயங்காது.

குறை ஒன்று: வரிகள் மிக அதிகம், புதியவர் திணறுவார்.