கெளிறு மீன் பிடிக்க 'முழுச் செட்' வாங்கப்போகிற ஆக்கள் கவனம்

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் தடி, ரீல், தங்கூசி (நைலோன் நூல்), ஈயம், தூண்டில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பண்ணைக் கடலுக்கென்றே எடுத்த சாமான் என்று விற்கிறார்கள். வாங்கிப் பிரித்துப் பார்த்தால் பெட்டியில் எழுதியிருப்பதில் பாதி பொய். திருப்பிக் கொண்டுபோனதற்கு, "பிரிச்ச சாமான் எடுக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய மோசம் தங்கூசியில். 0.35 மி.மீ., 200 மீற்றர், 18 கிலோ தாங்கும் என்று சுருளில் ஒட்டியிருக்கிறது. அந்தத் தடிப்பில் சாதாரண நைலோன் 8, 9 கிலோ தாங்கினாலே பெரிது. கலிப்பர் வைத்துப் பார்த்தால் 0.45 காட்டுகிறது. தடிப்புக் கூடினால் பலமும் கூடும்தானே என்று விட முடியாது. 0.35இல் 200 மீற்றர் கொள்ளும் ரீலில் 0.45 ஏறுவது 120 மீற்றர் அளவுதான். வற்று (கடல் வடிகிற நீரோட்டம்) இழுக்கிற நேரம் மதகு வாயில் தடித்த நூலை நீரோட்டம் வில்லாக வளைத்து ஈயத்தை உருட்டிக்கொண்டு போகும். கெளிறு தரையை மேய்கிற மீன். இரை ஓரிடத்தில் கிடக்கவேண்டும். போதாததற்கு அந்தச் சுருள் கடைக் கண்ணாடிக்குள் வெயில் குடித்தது. முடிச்சை நனைத்து இறுக்கி, தொங்குதராசில் கொழுவி இழுத்தபோது 5 கிலோவுக்குள் முடிச்சடியில் அறுந்தது. விரலால் உருவிப் பாருங்கள்: வழவழப்பில்லாமல் மாப் பிடித்ததுபோல் சொரசொரத்தால் வாங்காதீர்கள்.

ஈயம் என்று கொடுத்தது சாம்பல் பூச்சுப் பூசிய இரும்பு. ஒரு சின்னக் காந்தம் போதும், ஒட்டிக்கொண்டால் ஈயமில்லை. அதே நிறைக்கு இரும்பு ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருமன்; நீரோட்டம் அதையும் இலகுவாகத் தள்ளும், உப்புத் தண்ணீரில் துருவும் பிடிக்கும்.

தூண்டிலின் காதைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். கம்பி வளைந்து முட்டுகிற இடத்தில் மயிரளவு இடைவெளி இருந்தால் தங்கூசி அதற்குள் சறுக்கி அறுபடும். இந்தப் பெட்டியில் அநேகமானவை அப்படித்தான். நுனியைப் பலகையில் கொழுவி குறடால் இழுங்கள். நல்லது கொஞ்சம் விரிந்து பழையபடி வரும், இது விரிந்தபடியே நின்றது. தடியும் ரீலும் பரவாயில்லை.

மன்னிக்க முடியாதது, பெட்டிப் படத்தில் இருக்கிற குறடு உள்ளே இல்லை. கெளிறுக்கு முதுகில் ஒன்று, பக்கச் செட்டைகளில் ஒவ்வொன்று என்று மூன்று அரமுள், மூன்றிலும் விஷம். முதன்முதலாகப் பிடிக்கிற பெடியள் வெறுங்கையால் தூண்டில் கழற்றப் பார்ப்பார்கள். குத்தினால் தோல் அவியாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சுடுநீரில் (45 பாகை வரை) அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வலி இறங்கும். முள் உள்ளே முறிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) போட்டதா என்றும் பார்க்கவேண்டும்.

சாமானைத் தனித்தனியே வாங்குங்கள்: 0.35 தங்கூசி, நடுவில் துளையுள்ள 40 முதல் 60 கிராம் ஈயம், அது முடிச்சில் இடிக்காமல் ஒரு பாசிமணி, சுழலி (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு), அதன் கீழ் 0.50 தங்கூசியில் ஒரு முழம், நுனியில் 1/0 அளவுத் தூண்டில். ஈயத்துக்குள்ளால் நூல் ஓடவேண்டும். அப்போதுதான் மீன் பாரம் உணராமல் இறாலை விழுங்கும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். சீட்டில் 'செட்' என்று மட்டும் எழுத விடாமல் நூலின் அளவையும் எழுதுவியுங்கள். ஏமாந்தவர்கள் அந்தச் சீட்டோடு அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.