வெளிநாட்டு செமஸ்டருக்குப் பணம் கட்டும் முன்: என் பாராட்டு வரிகளை நம்பாதீர்கள்

மாணவர்களை வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க அனுப்பும் முகவர் நிறுவனம் ஒன்றின் விளம்பரக் கையேட்டில் என் புகைப்படம் இருக்கிறது. அதன் கீழே, "என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நான்கு மாதங்கள்" என்ற வரி. எழுதியது நான்தான், அதில் பொய்யும் இல்லை. ஆனால் எப்போது எழுதியது என்பதைக் கையேடு சொல்லவில்லை. திரும்புவதற்கு முந்தைய இரவு, விடைபெறும் விருந்தில் தாளை நீட்டி, "உங்கள் அனுபவத்தை நாலு வரி எழுதுங்கள்" என்றார்கள். தோழிகளைக் கட்டிக்கொண்டு அழுத கண்ணோடு எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் பட்டியல் வந்தது ஏழு வாரம் கழித்து.

எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவு அலுவலர் அந்தத் தாளை மேசைமேல் விரித்து, தலைப்பில் விரலை வைத்தார். நான் படித்ததாக நம்பியிருந்த துறையின் பெயர் அங்கே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவின் பெயர் இருந்தது. விரல் கீழே இறங்கியது. ஐந்து பாடங்கள், ஐந்திலும் நல்ல மதிப்பெண். கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அளவு, என்ற பத்தியில் மட்டும் ஐந்து சிறு கோடுகள். "பட்டத்துக்குச் சேராத படிப்பு என்று போட்டிருக்கிறார்களே அம்மா, இதை எப்படிக் கணக்கில் எடுப்பது?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். அந்த செமஸ்டரை முழுவதுமாக மறுபடி படித்தேன். உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள்.

எங்களுக்கு இதைப் 'பரிமாற்றத் திட்டம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். உண்மையான பரிமாற்றம் என்பது இரண்டு கல்வி நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். பொதுவாக மாணவர் தம் சொந்தக் கல்லூரிக்கே கட்டணம் செலுத்துவார். போகிற இடத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது. அங்கே புறப்படும் முன்பே எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று எழுதி, மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் என மூன்று தரப்பும் கையெழுத்திடும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. எங்களிடம் அப்படி ஒரு தாளே இல்லை. படிப்புக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கட்டணம் கட்டிப் போவதே தவறு என்று சொல்லவில்லை. பல பல்கலைக்கழகங்கள் வருகை மாணவர்களை முறையாகச் சேர்த்துக்கொண்டு கிரெடிட்டும் தருகின்றன. எங்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் மீதும் குறை இல்லை. ஒருவர் என் கட்டுரையை வரிவரியாகப் படித்து, ஓரமெல்லாம் பென்சிலால் குறிப்பு எழுதித் தந்தார். அதை இன்றும் வைத்திருக்கிறேன். நல்ல படிப்பைக் காட்டி, இல்லாத கிரெடிட்டை விற்றவர்கள் மீதுதான் என் கோபம்.

கிரெடிட் பற்றி மூன்று முறை மின்னஞ்சலில் கேட்டேன். மூன்று முறையும் பதில் தொலைபேசியில் வந்தது: "எல்லாம் அப்படியே வந்துவிடும், கவலைப்படாதீர்கள்." பிறகு முறையிட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். கிரெடிட்டை ஏற்பது மாணவரின் சொந்தக் கல்லூரியைப் பொறுத்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. எங்களோடு வந்த இன்னொரு மாணவரிடம் குறுகிய கால விசாவே போதும் என்றிருக்கிறார்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் அந்தக் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். தேர்வு எழுதாமலே அவர் திரும்பினார்.

ஆகவே, பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தோடு உங்கள் துறைத் தலைவரைப் பாருங்கள். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலை எந்தப் பிரிவு தரும் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெயரை மறைத்த பழைய பட்டியல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போய்வந்தவர்களிடம் விசாரிப்பதானால், திரும்பி ஓராண்டாவது ஆனவர்களைத் தேடிப் பிடியுங்கள். நானும் முந்தைய மாணவர்களின் அனுபவக் குறிப்புகளைப் படித்துத்தான் சேர்ந்தேன். அவையும் விடைபெறும் இரவில் எழுதியவை என்று இப்போது தெரிகிறது.

என் படத்தையும் வரியையும் நீக்கும்படி இரண்டு முறை எழுதிவிட்டேன். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது, தொலைபேசியில். கையேடு அப்படியே இருக்கிறது. அதில் நீலச் சால்வை போர்த்திச் சிரிப்பவள் நான்.