ரோம்-ஃப்ளோரன்ஸ்-வெனிஸா, நேப்பிள்ஸ்-ரோம்-பொலோனியாவா? ரெண்டு ரூட்டும் போயிட்டு வந்து எழுதறேன்

மார்ச் லீவுக்கு இத்தாலி போறோம்ணா, எந்த ரூட் நல்லா இருக்கும்னு இந்த வருஷமும் ஜூனியர்ஸ் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆளாளுக்கு தனித்தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிச்சப்ப நான் ரெண்டு தடவை போனேன். 2024 மார்ச்ல ரோம்ல இறங்கி ஃப்ளோரன்ஸ், வெனிஸ்னு எல்லாரும் போற ரூட். 2025 மார்ச்ல அதே அஞ்சு பேர், அதே ஏழு நாள், ஆனா நேப்பிள்ஸ்ல இறங்கி ரோம் வழியா பொலோனியாவுல முடிச்சோம். அஞ்சு பேர்னா நான், திருநெல்வேலிக்கார ரூம்மேட், பாலக்காட்டுப் பொண்ணு ஒருத்தி, முட்டை கூட தொடாத சைவக்கார அக்கா ஒருத்தங்க, அப்புறம் எங்க ஜெர்மன் கிளாஸ்மேட்.

மொதல்லயே சொல்லிடறேன், காசு எண்ணி எடுத்துட்டு போற ஸ்டூடண்ட்டுக்கு ரெண்டாவது ரூட்தான். மொத தடவை ஃப்ளைட்டோட சேத்து ஆளுக்கு 640 யூரோ கிட்ட ஆச்சு, ரெண்டாவது தடவை 450ல முடிஞ்சுது, அதுவும் வயிறு நிறைய சாப்பிட்டு. ஆனா காசு மட்டும் காரணம் இல்ல, அதுக்கு வரேன்.

விசா பத்தி பயப்பட வேண்டாம், ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு இருந்தா இத்தாலிக்கு தனி விசா தேவையில்ல, கார்டும் பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் கையில இருக்கணும், அவ்ளோதான்.

காசு எங்க போகுதுன்னா மியூசியம் டிக்கெட்லதான். இத எங்களுக்கு யாரும் சொல்லல. இத்தாலி அரசாங்க மியூசியம் எல்லாத்துலயும் 18லேர்ந்து 25 வயசு வரைக்கும் 2 யூரோதான்னு படிச்சிட்டு சந்தோஷமா கிளம்பினோம், அது ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்கு மட்டும். நம்ம ஸ்டூடண்ட் கார்டு, ரெசிடென்ஸ் பெர்மிட் எதையும் கணக்குல எடுக்க மாட்டாங்க, பாஸ்போர்ட் எந்த நாடுன்னுதான் பாப்பாங்க. கொலோசியத்துல ஜெர்மன் கிளாஸ்மேட் 2 யூரோ, நாங்க நாலு பேரும் 18 யூரோ. அவனுக்கே சங்கடமா போச்சு, அன்னிக்கு எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான். வாட்டிகன் தனி நாடுங்கறதால அங்க கணக்கு வேற, 25 வயசு வரைக்கும் சர்வதேச ஸ்டூடண்ட் கார்டு இருந்தா எந்த நாட்டுக்காரங்களுக்கும் கம்மி, அதனால அந்த கார்டை கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க.

இப்ப மொத ரூட்டையே பாருங்க, ஃப்ளோரன்ஸ்ல நாங்க 2024ல போனப்ப ஊஃபிட்ஸி ஓவிய மியூசியம் 25 யூரோ, டேவிட் சிலை இருக்கிற அக்காதெமியா 16, புருனெல்லெஸ்கி கட்டின கதீட்ரல் குவிமாடத்துல ஏற 30, மூணையும் பாத்தா 71 யூரோ ஒரே ஊர்ல காலி. ரெண்டாவது ரூட்ல நாங்க தேதியை பாத்துப் போட்டோம். மாசத்தோட மொத ஞாயித்துக்கிழமை அரசாங்க மியூசியம், அகழாய்வு இடம் எல்லாம் எல்லாருக்கும் இலவசம், பாஸ்போர்ட் கலர் பாக்க மாட்டாங்க. 2025ல மார்ச் 2 ஞாயிறு, நாங்க சனிக்கிழமை நேப்பிள்ஸ்ல இறங்கி மறுநாள் காலைல பாம்பேய் போயிட்டோம், அப்ப சாதாரண நாள்ல 18 யூரோ. ஆனா 2024 நவம்பர்லேர்ந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க, அதனால இலவச நாள்ல கேட் திறக்கறதுக்கு முன்னாடி போய் நிக்கணும், கரிபால்தி ஸ்டேஷன்லேர்ந்து சர்க்கும்வெசுவியானா ட்ரெயின் அரை மணிக்கு மேல ஆகும், கூட்டமா இருக்கும், பையை முன்னாடி மாட்டிக்கோங்க.

பாம்பேய் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். கி.பி. 79ல வெசுவியஸ் வெடிச்சு மூடின ஊர்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நேர்ல என்னை நிறுத்தினது தெருதான். கருங்கல் பாவின தெருவுல வண்டிச்சக்கரம் ஓடி ஓடி கல்லுலயே பள்ளம் விழுந்திருக்கு, விரலை விட்டா விரல் முட்டி வரைக்கும் உள்ள போகுது. தெருவுல தண்ணி ஓடறப்ப கால் நனையாம தாண்ட நடுவுல உசரமா மூணு கல்லு போட்டிருக்காங்க, அந்த கல்லுக்கு நடுவுல வண்டிச்சக்கரம் போற அளவுக்கு இடமும் விட்டிருக்காங்க. தெருமுனைல சாப்பாட்டுக் கடை, மேடைல வட்ட வட்டமா ஓட்டை, உள்ள பானை. ரூம்மேட் அதுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டு, மச்சான் இது நம்மூர் பரோட்டா கடை அமைப்புதான்டான்னான், அதுக்கப்புறம் எங்களுக்கு அது இடிஞ்ச ஊரா தெரியல, மதியம் கடை சாத்தின ஊராத்தான் தெரிஞ்சுது.

அடுத்த நாள் நேப்பிள்ஸ் தொல்லியல் மியூசியம் போனோம், அங்க ஒரு சின்ன தந்தச் சிலை இருக்கு, கால் மீட்டர் உசரம்தான், இந்தியாவுல செஞ்ச பொண்ணு சிலை, 1938ல பாம்பேய்ல தோண்டி எடுத்தது. ரொம்ப நாளா லட்சுமின்னு சொன்னாங்க, இப்ப யட்சியா இருக்கும்னு சொல்றாங்க. அக்கா அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னாங்க. ரோம்ல ஃபோரம்ங்கற பழைய ஊர்ச் சதுக்க இடிபாட்டுக்குப் போறப்பவும் இத ஞாபகம் வச்சுக்கோங்க, அங்க மக்செந்தியுஸ் பசிலிக்காங்கற பெரிய மண்டபத்தைக் கட்டினது பழைய மிளகு கிடங்கு மேலதான். நம்ம மேற்குக் கடற்கரைலேர்ந்து கப்பல்ல போன மிளகு அங்க வந்து இறங்கியிருக்கு, அதுக்கு கொடுத்த ரோமானியக் காசு கோயம்புத்தூர் பக்கம் இன்னும் பூமிக்குள்ளேர்ந்து கிடைச்சிட்டு இருக்கு. ஃபோரம் பாத்த அன்னிக்கு ராத்திரி ரோம்ல காச்சோ எ பெப்பே, அதாவது சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா சாப்பிட்டப்ப பாலக்காட்டுப் பொண்ணு எங்க ஊர் மிளகுன்னு சொல்லி சொல்லி சாப்பிட்டா.

சாப்பாட்டுக்கு வந்தா நேப்பிள்ஸை அடிச்சுக்க ஆளே இல்ல. அதுவும் சைவக்காரங்களுக்கு. ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, பார்மிஜானோ, பெக்கோரினோ ரெண்டு சீஸ்லயும் பாலைத் திரிக்க கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட் போடுவாங்க. அக்கா மொத ட்ரிப்ல இது தெரிஞ்ச அன்னிலேர்ந்து ஃப்ளோரன்ஸ்ல ரொட்டியும் தக்காளியும்தான், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. நேப்பிள்ஸ்ல மரினாரா பீட்சான்னு ஒன்னு, தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்ளோதான், சீஸே கிடையாது, அதுதான் அங்க பழைய பீட்சாவே, விலையும் இருக்கறதுலயே கம்மி. நாங்க நின்ன கடைல மாவை ஒருத்தர் கையால தட்டி தட்டி விரிக்கறார், கட்டையே தொடல, ஓரத்தை மட்டும் விட்டுட்டு நடுவுல அமுக்கறார், அப்படியே அடுப்புக்குள்ள தள்ளி ஒன்னரை நிமிஷம் கூட ஆகல, ஓரம் உப்பி கருப்பு புள்ளி விழுந்து வெளிய வந்துடுது. 2017ல யுனெஸ்கோ இந்தக் கைவேலையை பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. அக்கா மொத துண்டு வாயில வச்சிட்டு, தம்பி, இன்னும் ஒன்னு சொல்லிடுடான்னாங்க. தெருவுல நாலா மடிச்சு பேப்பர்ல கொடுக்கற பீட்சாவும் உண்டு, நடந்துட்டே மதிய சாப்பாடு முடிஞ்சுடும்.

நேப்பிள்ஸ் பயமா இருக்குமேன்னு கேப்பீங்க. ஸ்டேஷன் சுத்துப்பட்டுல ராத்திரி தனியா சுத்தாதீங்க, போனை பின் பாக்கெட்ல வைக்காதீங்க, மத்தபடி நாங்க மூணு ராத்திரி இருந்தோம், ஒரு பிரச்சினையும் இல்ல. ஸ்கூட்டர் சந்துக்குள்ள பறக்கும், நம்ம ஊர் ஆளுங்களுக்கு அது ஒரு மணி நேரத்துல பழகிடும், எங்க ஜெர்மன்காரன்தான் ரோடு தாண்ட என் சட்டையை புடிச்சுக்கிட்டான்.

ட்ரெயின்ல ரெண்டு ரூட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஃப்ரெச்சாரோஸ்ஸா, இடாலோ ரெண்டு அதிவேக ட்ரெயினும் போட்டி போட்டு ஓடுது, ஒன்னரை மாசம் முன்னாடி எடுத்தா 20 யூரோவுக்கு கீழயே கிடைக்கும், கடைசி நேரத்துல ரெண்டு மூணு மடங்கு. நேப்பிள்ஸ்-ரோம் ஒரு மணி பத்து நிமிஷம், ரோம்-ஃப்ளோரன்ஸ் ஒன்னரை மணி, ஃப்ளோரன்ஸ்-பொலோனியா 40 நிமிஷத்துக்குள்ள, கிட்டத்தட்ட முழு வழியும் குகைக்குள்ளயே போகும். ரீஜினல் ட்ரெயின் விலை ஏறவே ஏறாது, அன்னிக்கே எடுக்கலாம், ஆனா ரோம்-ஃப்ளோரன்ஸ் மூணரை மணிக்கு மேல இழுக்கும். முக்கியமா ரீஜினலுக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்கற மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும், இல்லாட்டி ஃபைன். மொத தடவை நாங்க குத்தாம ஏறப் போனோம், ஒரு வயசான அம்மா டிக்கெட்டை எங்க கையிலேர்ந்து வாங்கி, அவங்களே மெஷின்கிட்ட போய் அஞ்சையும் குத்திக் கொடுத்தாங்க. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது அவங்களுக்கு.

ரோம் ரெண்டு ரூட்லயும் வருது, அதை விட முடியாது. கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்னாடிதான் ஆன்லைன்ல திறக்கும், டிக்கெட்ல பேர் இருக்கும், பாஸ்போர்ட் கேப்பாங்க, குரூப்ல எல்லார் பேரையும் எழுத்துப்பிழை இல்லாம போடுங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, தெருவுக்குத் தெரு நசோனேன்னு இரும்புக் குழாய், ஊர் முழுக்க 2,000க்கு மேல, ஜில்லுனு நல்ல குடிதண்ணி. பாந்தியோன்ங்கற பழைய ரோமானியக் கோயிலுக்கு அப்ப 5 யூரோ, மழை பெய்யறப்ப போனா இன்னும் நல்லது, கூரை நடுவுல ஓட்டை வழியா மழை நேரா தரைல விழும், தரைல இருக்கற சின்னச் சின்ன துளை வழியா வடிஞ்சு போகும், நாங்க போனப்ப அப்படித்தான் பெஞ்சுது. காபியை நின்னுட்டே குடிங்க, உக்காந்தா வேற விலை. ஈஸ்டர் வாரத்துல மட்டும் ரோம் வேணவே வேணாம்.

இனி நிஜமான போட்டி, ஃப்ளோரன்ஸா பொலோனியாவா. அழகுன்னா ஃப்ளோரன்ஸ், அதுல பேச்சே இல்ல. ஆனா தங்கறதுக்கு, சாப்பிடறதுக்கு, சும்மா உக்காந்து பேசறதுக்கு பொலோனியா. 1088ல ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி இன்னும் ஊருக்கு நடுவுல நடக்குது, வியா சம்போனி தெருவுல எங்க பாத்தாலும் நம்ம வயசு பசங்க, கடை விலை எல்லாம் அவங்க பாக்கெட்டுக்கு தகுந்த மாதிரி. சந்தைல ரொட்டியும் பழமும் வாங்கிட்டுப் போய் ஒஸ்தேரியா தெல் சோலேங்கற பழைய கடைல உக்காந்துக்கலாம், 1465லேர்ந்து இருக்கு, அவங்க குடிக்கறதுக்கு மட்டும்தான் விப்பாங்க, சாப்பாடு நாமே கொண்டு போகணும். நாங்க போன ரெண்டு நாளும் மழை, வேற ஊரா இருந்தா ரூம்லயே முடங்கியிருப்போம், இங்க ஊருக்குள்ள மட்டும் 38 கிலோமீட்டருக்கு தூண் வச்ச நடைக்கூரை, குடையே விரிக்கல. சான் லூகா கோயிலுக்கு மலை மேல போற பாதையும் முழுக்க கூரைதான், 666 வளைவு, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், மூச்சு வாங்க ஏறினோம், வெளிய மழை கொட்டுது, எங்களைத் தாண்டி பாட்டிங்க ஏறிப் போறாங்க, டிக்கெட் கிடையாது ஒன்னும் கிடையாது. அந்த ரெண்டு மணி நேரம் அஞ்சு பேரும் பேசிட்டே நடந்ததுதான் ரெண்டு ட்ரிப்லயும் சேத்து எனக்கு நெருக்கமானது, ஃப்ளோரன்ஸ்ல க்யூவுல நின்னப்ப எல்லாரும் போனைத்தான் பாத்துட்டு இருந்தோம். ஆசினெல்லி கோபுரம் ஏறணும்னு ஆசைப்படாதீங்க, பக்கத்துல கரிசெந்தா கோபுரம் சாயுதுன்னு 2023 அக்டோபர்லயே மூடிட்டாங்க.

அதுக்காக ஃப்ளோரன்ஸை விட்டுடாதீங்க, பொலோனியாலேர்ந்து காலைல போய் ராத்திரி திரும்பற தூரம்தான். ஒரே ஒரு டிக்கெட்தான் எடுக்க முடியும்னா டேவிட். 1501ல வேலையை ஆரம்பிச்சப்ப மிக்கேலாஞ்சலோவுக்கு 26 வயசு, வேற சிற்பிங்க கைவிட்டுட்டுப் போன கல்லு அது, அஞ்சு மீட்டருக்கு மேல உசரம். முகத்தை அப்புறம் பாருங்க, மொதல்ல தொங்கற அந்த வலது கையைப் பாருங்க, புறங்கைல நரம்பு புடைச்சிருக்கும். சாயங்காலம் பியாஸாலே மிக்கேலாஞ்சலோ மேட்டுல ஏறி உக்காந்தா ஊர் மொத்தமும் ஆர்னோ ஆறும் கண்ணு முன்னாடி, அது இலவசம்.

வெனிஸ்தான் மனசுக்கு கஷ்டமான கணக்கு. ரெண்டாவது ரூட்ல அது இல்ல, அந்தக் குறை குறைதான். படகு பஸ் ஒரு தடவை ஏறினா 9.50 யூரோ, கொண்டோலா அரை மணிக்கு 90. 2024 ஏப்ரல் 25லேர்ந்து சில நாள்ல பகல்ல மட்டும் வந்து போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் வேற, ராத்திரி தங்கறவங்களுக்கு அது இல்ல. கம்மி விலைன்னு மெஸ்த்ரேல தங்குவாங்க, ட்ரெயின்ல பத்து நிமிஷம்தான், நாங்களும் மொத ராத்திரி அங்கதான். ஆனா அது வெனிஸ் இல்ல, வெறும் ஊர். ரெண்டாவது ராத்திரி அக்கா பிடிவாதமா ஜுதெக்கா தீவுல ஹாஸ்டல் போடச் சொன்னாங்க, ஆளுக்கு 17 யூரோ கூட, அன்னிக்கு முணுமுணுத்தேன், இப்ப அவங்க சொன்னதுதான் சரின்னு சொல்றேன். உங்களுக்கு எட்டாவது நாள் கிடைச்சா பொலோனியாலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல வெனிஸ் போய் ஒரே ராத்திரி தீவுக்குள்ள தங்குங்க. முதுகுப்பை மட்டும், சக்கரப் பெட்டி வேணாம், பாலத்துக்குப் பாலம் படி. ரோலிங் வெனிஸ் கார்டு 6 யூரோ, 29 வயசு வரைக்கும் எந்த நாட்டுக்காரங்களும் எடுக்கலாம், ஆனா அது மூணு நாள் பாஸோட சேந்தாதான் லாபம், ஒரு ராத்திரிக்கு 24 மணி நேர பாஸே போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல 1ம் நம்பர் படகுல ஏறி வெளிய உக்கார இடம் புடிச்சுக்கோங்க. பகல்ல வந்த கூட்டம் மொத்தமும் ட்ரெயின் ஏறிப் போயிருக்கும், கிராண்ட் கெனால்ல எஞ்சின் சத்தமும் படிக்கட்டுல தண்ணி மோதற சத்தமும்தான், ரியால்த்தோ பாலத்துக்கு அடில போறப்ப ரூம்மேட் பேச்சை நிறுத்திட்டு பாலக்காட்டுப் பொண்ணு தோளைத் தட்டி மேல காமிச்சான், பாலத்துல ஒருத்தர் கூட இல்ல.