மனக்காயத்துக்கான தியான ஏடுகள்: எது தேறும், எது தேறாது

துக்கம், துரோகம், உறவு முறிவு என்று மனம் உடைந்தவர்களுக்கென்றே 30 நாள், 40 நாள் கிறிஸ்தவத் தியான ஏடுகள் விற்கின்றன. தினம் ஒரு பைபிள் வசனம், சின்னச் செய்தி, இரண்டு கேள்வி, எழுதக் கொஞ்சம் இடம். அட்டையைப் பார்த்து வாங்க வேண்டாம். முதல் வாரத்தையும் மன்னிப்பு வரும் பக்கத்தையும் புரட்டினாலே சரக்கு தெரிந்துவிடும்.

முதல் வாரம் முழுக்க 'சந்தோஷமாயிருங்கள்', 'கவலைப்படாதிருங்கள்' என்றே போனால் கீழே வைத்துவிடலாம். அழ இடம் தராமல் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால், தான் எழுதுவது பொய் என்று எழுதுகிறவருக்கே தெரியும். சில நாளில் ஏடு அலமாரிக்குப் போய்விடும். நல்ல ஏடு 13ஆம் சங்கீதம் (பைபிளில் வரும் ஜெபப் பாட்டு) போன்ற ஒன்றில் தொடங்கும். ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை முறையீடு, அடுத்த இரண்டில் மன்றாட்டு, கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. இதே வரிசையில் மூன்று பத்தி எழுதச் சொல்லும் ஏடு, வேலை தெரிந்தவர் செய்தது. மூன்றாம் பத்தி வராத நாளில் விட்டுவிடச் சொன்னால் இன்னும் நல்லது. 88ஆம் சங்கீதமே ஆறுதல் வரி இல்லாமல்தான் முடிகிறது.

நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் வாக்களிக்கும் எரேமியா 29:11 இல்லாத ஏடு அபூர்வம். முந்தைய வசனத்தில் அதற்கு 70 வருஷம் ஆகும் என்று இருப்பதை அச்சிடுபவை அதைவிட அபூர்வம். அதை வெட்டினால் சீக்கிரமே எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு வரும். சரியாகாதபோது, 'என் விசுவாசம் போதவில்லையோ' என்ற குற்றவுணர்வும் காயத்தோடு சேரும்.

மன்னிப்புப் பக்கத்தில்தான் பல ஏடுகள் சறுக்குகின்றன. மன்னிப்பது வேறு, பழையபடி பழகுவது வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறதா பாருங்கள். மத்தேயு 18:22இல் 'ஏழெழுபதுதரம்' மன்னிக்கச் சொல்வது வருகிறது. அதற்கு முன்பே, 15 முதல் 17 வரை, தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து, கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்று படிப்படியாக இருக்கிறது. இந்தப் படிகளை விட்டுவிட்டு 22ஆம் வசனத்தை மட்டும் போடுவது, அடி வாங்குகிறவரை அடிக்கிறவரிடமே திருப்பி அனுப்புகிற வேலை.

தயவு காட்டும் பயிற்சிகளில் 'இன்று அன்பாயிரு' என்பதெல்லாம் தேறாது. யாருக்கு, என்ன, எப்போது என்று எழுதச் சொல்ல வேண்டும்: நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுப்பது போல. இவை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வந்தால் போதும். எல்லோருக்கும் ஓடியாடியே ஓய்ந்தவருக்கு முதல் நாளே இன்னொரு கடமை எதற்கு? 1 இராஜாக்கள் 19இல் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு முறை.

கேள்விக்குக் கீழே இரண்டே கோடு இருந்தால் பயனில்லை, அரைப் பக்கமாவது வேண்டும். 80 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறைந்த தாளில் மை பேனாவால் எழுதினால் பின்பக்கம் தெரியலாம். தேதி அச்சிடாத ஏடே மேல். விட்ட நாட்கள் வெற்றுப் பக்கமாகக் குத்திக்காட்டாது.

ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும். எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனப்பது சகஜம், அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். வாரக்கணக்கில் அதே சம்பவத்தை அதே வார்த்தைகளில் எழுதிக்கொண்டிருந்தால் ஏட்டை மூடிவிட்டு ஆலோசகரிடம் பேசுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இதை முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் ஏட்டுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.